குறிப்பேட்டில் பிறந்த ரேடியம்

ரேடியம் என்றதும் மேரி கியூரி அம்மையாரின் பெயர் நம் நினைவுக்கு வருகிறது. இருமுறை நோபல் பரிசு பெற்றவர், ஒழுகும் கொட்டகையில் கொதிக்கும் கலவையை இரும்புக் கம்பியால் கிளறிக் கிளறி ரேடியத்தைப் பிரித்தெடுத்தவர் என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால், அந்தக் கலவை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, தன் குறிப்பேட்டில் சில எண்களை எழுதினார். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு எண்கள் வரிசைக்கு ஒவ்வாமல் நின்றன. அவற்றை அடித்துவிடாமல், அவை ஏன் அப்படி நிற்கின்றன என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையே ரேடியம். அந்த மாணவியின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

இளமையும் ஏக்கமும்

மேரி அம்மையார் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்கோடோவ்ஸ்கா. வீட்டார் மான்யா என்று செல்லமாக அழைத்தனர். ஐந்து குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் ஒரு பெண்கள் பள்ளியை நடத்தியவர். அந்நாளில் வார்சா ரஷ்ய மன்னரின் ஆட்சியில் இருந்தது. போலந்துப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் பாடம் கற்கவும் தடை இருந்தது.

மான்யாவுக்குப் பத்து வயதிருக்கும்போது தாய் காசநோயால் இறந்தார். அதற்கு முன்பே மூத்த அக்காள் ஒருவரையும் நோய் கொண்டுபோயிருந்தது. இத்தனை துயரத்திலும் படிப்பைக் கைவிடாத மான்யா, 1883இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால், வார்சா பல்கலைக்கழகத்தின் கதவுகள் பெண்களுக்கு மூடியே கிடந்தன.

அப்போது மான்யாவும் அக்காள் பிரோன்யாவும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். முதலில் பிரோன்யா பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. மான்யா வேலை செய்து பணம் அனுப்புவது. பிறகு அக்காள் தங்கையைப் படிக்க வைப்பது. சொன்னபடியே மான்யா வசதியுள்ள குடும்பங்களில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரவில் தனியே கணிதமும் இயற்பியலும் படித்தார். இப்படி ஆண்டுகள் பல ஓடின. 1891இல்தான் அவர் பாரிசுக்கு ரயில் ஏற முடிந்தது. அப்போது அவருக்கு வயது 23, முடிந்து 24 நடந்துகொண்டிருந்தது.

சார்போன் பல்கலைக்கழகத்தில் தம் பெயரை மேரி என்று பதிந்துகொண்டார். மாடியில் ஒரு சிறு அறை, குளிருக்குப் போதாத கரி, வயிற்றுக்குப் போதாத உணவு. ஆனாலும் 1893இல் இயற்பியல் தேர்வில் முதலாவதாகவும், 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாவதாகவும் தேறினார். போலந்திலிருந்து கிடைத்த கல்வி உதவித் தொகையைப் பிற்காலத்தில் தாமாகவே திருப்பிக் கொடுத்தார். தம்மைப்போல் வேறொரு ஏழை மாணவி அதனால் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

1895ஆம் ஆண்டு ஜூலை மாதம் இயற்பியல் அறிஞர் பியேர் கியூரியை மணந்தார். 1897 செப்டம்பரில் மகள் ஐரீன் பிறந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே, டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியைத் தொடங்கினார் மேரி.

ஆராய்ச்சிப் பொருள்

1895இன் இறுதியில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உலகமே அவற்றைப் பற்றிப் பேசியது. 1896இல் பிரான்சில் ஹென்றி பெக்கரல், யுரேனியம் தானாகவே ஒருவகைக் கதிர்களை வீசுவதைக் கண்டார். கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டையும் அக்கதிர்கள் கறுக்கச் செய்தன. எக்ஸ் கதிர்களின் பரபரப்பில் இதைப் பலர் கவனிக்கவில்லை. அதிகம் எழுதப்படாத இந்தப் பொருளையே மேரி தேர்ந்தெடுத்தார்.

பியேர் கற்பித்த பள்ளியின் கீழ்த்தளத்தில், சரக்கு அறைபோல இருந்த ஓர் இடம் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. ஈரமும் குளிரும் நிறைந்த அறை அது. 1897 டிசம்பர் 16ஆம் நாள் குறிப்பேட்டின் முதல் பக்கம் தொடங்குகிறது. 1898 பிப்ரவரி 6ஆம் நாள் அந்த அறையின் வெப்பநிலை 6.25 டிகிரி என்று எழுதி, பக்கத்தில் வியப்புக் குறிகளை வரிசையாக இட்டிருக்கிறார் மேரி. குளிரில் விறைத்த கைகள் அதற்குமேல் புலம்பவில்லை; அடுத்த அளவீட்டுக்குச் சென்றுவிட்டன.

அளப்பதில் தொடங்கியது அறிவு

புகைப்படத் தகடு எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ஆனால், ஒருவர் கண்ணுக்கு அதிகமாகத் தெரிவது மற்றவர் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஆகவே மேரி வேறு வழியைக் கைக்கொண்டார். இந்தக் கதிர்கள் காற்றின் வழியே மின்சாரம் பாயச் செய்யும் இயல்புடையவை. 8 செ.மீ. குறுக்களவுள்ள இரண்டு வட்டத் தகடுகளை 3 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தார். கீழ்த் தகட்டில் சோதிக்க வேண்டிய பொருளைத் தூளாக்கிப் பரப்பி, 100 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தார். கதிர்கள் வலுவாக இருந்தால் மின்னோட்டம் கூடும், மெலிந்திருந்தால் குறையும்.

அந்த மின்னோட்டமோ மிக மிக நுண்ணியது. ஓர் ஆம்பியரைக் கோடிக்கணக்கில் பங்கிட்டாலும் அதைவிடச் சிறியது. அதை அளக்க, பியேரும் அவர் அண்ணன் ழாக்கும் முன்பே அமைத்திருந்த குவார்ட்ஸ் படிகக் கருவி உதவியது. அழுத்தினாலோ இழுத்தாலோ மின்சாரம் தரும் படிகம் அது. தெரிந்த எடையைத் தொங்கவிட்டுத் தெரிந்த அளவு மின்சாரம் பெறலாம். அதைக்கொண்டு, தெரியாத மின்னோட்டத்தைச் சமன்செய்து அளந்தார். கையில் கடிகாரம், கண் கருவியின் ஒளிப்புள்ளியில்! சற்றுக் கவனம் பிசகினாலும் அளவு தவறிவிடும். இதனால், இதுவரை மங்கலாகச் சொல்லப்பட்ட ஒன்று எண்ணாக மாறியது. எண்ணாக மாறியதால் ஒப்பிட முடிந்தது.

முதலில் யுரேனியச் சேர்மங்களை எல்லாம் அளந்தார். உலர்ந்த நிலையிலும் ஈரமான நிலையிலும் அளந்தார். ஒளியில் வைத்தும் சூடாக்கியும் அளந்தார். எதைச் செய்தாலும் கதிர்வீச்சு பெரிதாக மாறவில்லை. ஒன்றே ஒன்றுதான் அதைக் கூட்டியது: பொருளில் யுரேனியம் எவ்வளவு இருக்கிறது என்பது.

இதிலிருந்து மேரி பெற்ற முடிவு மிக ஆழமானது. வேறு தனிமங்களோடு எப்படிக் கூடியிருந்தாலும் கதிர்வீச்சு மாறவில்லை என்றால், அது கூட்டுறவால் வருவதன்று. அது அணுவுக்குள்ளேயே இருக்கும் பண்பு. பக்கம் பக்கமாக எழுதிய எண்கள் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டன!

ஒவ்வாத எண்கள்

யுரேனியம் மட்டுந்தானா கதிர் வீசுகிறது? அப்போது தெரிந்திருந்த தனிமங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் துணிந்தார் மேரி. நண்பர்களிடமும் அறிஞர்களிடமும் கனிமங்களையும் உப்புகளையும் கேட்டு வாங்கினார். தோரியமும் கதிர் வீசுவதைக் கண்டார். சற்று முன்னரே ஜெர்மனியில் ஷ்மிட் என்பவர் அதைக் கண்டிருந்தது பிறகு தெரியவந்தது. மற்றப் பல பொருள்களுக்கு நேராகக் குறிப்பேட்டில் ஒன்றுமில்லை என்னும் முடிவே ஏறியது. அவற்றையும் விடாமல் எழுதினார்.

1898 பிப்ரவரி 17ஆம் நாள் பிட்ச்பிளெண்ட் என்னும் கறுத்த கனமான தாதுவைச் சோதித்தார். யுரேனியம் எடுக்கப்படும் தாது அது. யுரேனியத்தோடு வேறு பொருள்களும் கலந்திருப்பதால், தனி யுரேனியத்தைவிடக் குறைந்த கதிர்வீச்சே அதில் இருக்க வேண்டும். ஆனால் வந்த எண் மிகப் பெரியது. மேரி தம் முதல் கட்டுரையில் வெளியிட்ட அளவுகளில் சிலவற்றைப் பாருங்கள். ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கே இங்கே அலகு.

யுரேனிய உலோகம்: 24
பிட்ச்பிளெண்ட் (ஜெர்மனி, ஜோஹான்ஜார்ஜென்ஷ்டாட்): 83
பிட்ச்பிளெண்ட் (இங்கிலாந்து, கார்ன்வால்): 16
சால்கோலைட், இயற்கைக் கனிமம்: 52

மாணவிகளே, இந்தப் பட்டியலின் முன் சற்று நில்லுங்கள். சால்கோலைட்டில் ஏறக்குறையப் பாதிதான் யுரேனியம். மீதி செம்பும் பாஸ்பேட்டும் நீரும். யுரேனியத்தின் 24க்குக் கீழே நிற்க வேண்டிய அது, இரண்டு மடங்குக்கும் மேலே நிற்கிறது. பிட்ச்பிளெண்டோ மூன்று மடங்கையும் தாண்டிவிட்டது.

இப்படி ஒவ்வாத எண் வரும்போது ஒரு மாணவியின் மனத்தில் முதலில் எழும் எண்ணம் என்ன? எங்கோ தவறு நேர்ந்துவிட்டது, இதை விட்டுவிடலாம் என்பதுதான். தவறு நேர்ந்திருக்கலாம் என்று மேரியும் எண்ணினார். ஆனால், எண்ணியதோடு விடவில்லை. மீண்டும் அளந்தார். கருவியைச் சரிபார்த்து மறுபடியும் அளந்தார். எண் அசையவில்லை. கார்ன்வால் தாது தந்த சிறிய எண்ணையும் அவர் மறைக்கவில்லை. பெரிய எண்ணுக்கு அருகிலேயே அச்சிட்டார்.

அடுத்து அவர் செய்த சோதனைதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. சால்கோலைட்டில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பது வேதியியலாருக்குத் தெரியும். அதே பொருள்களைத் தூய நிலையில் எடுத்து, ஆய்வுக்கூடத்திலேயே செயற்கைச் சால்கோலைட்டைத் தயாரித்தார். இரண்டின் அமைப்பும் ஒன்றே. இயற்கைக் கனிமத்தில் அமைப்பைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் இரண்டும் ஒரே எண்ணைத் தர வேண்டும். தகட்டில் பரப்பி அளந்தார். இயற்கைச் சால்கோலைட் 52. செயற்கைச் சால்கோலைட் 9!

விதி தவறவில்லை, கருவியும் தவறவில்லை. இயற்கைக் கனிமத்தில் யாரும் அறியாத ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. தெரிந்த தனிமங்களை எல்லாம் சோதித்தாகிவிட்டது. ஆகவே அது புதிய தனிமமாகவே இருக்க வேண்டும். 1898 ஏப்ரல் 12ஆம் நாள் இம்முடிவு பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் படிக்கப்பட்டது. மேரியோ பியேரோ அக்கழகத்தில் உறுப்பினர் அல்லர்; எனவே மேரியின் பேராசிரியர் லிப்மன் அவர் சார்பில் அதை அளித்தார். கட்டுரை மேரி ஒருவர் பெயரிலேயே வெளிவந்தது.

கண்டதும் கருதியதும்

அந்தச் சிறு கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. இக்கதிர்களுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மேரி ஒரு கருத்தைக் கூறினார். வான்வெளி எங்கும் கண்ணுக்குத் தெரியாத வேறு கதிர்கள் நிறைந்திருக்கலாம். அவற்றைக் கனமான தனிமங்கள் வாங்கித் திருப்பி வீசலாம் என்பது அக்கருத்து. அது சரியன்று என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அணுவே சிதைந்து வேறு அணுவாக மாறும்போது அந்த ஆற்றல் வெளிப்படுகிறது என்பதை 1902ஆம் ஆண்டு ரதர்ஃபோர்டும் சாடியும் எடுத்துக்காட்டினர்.

ஆனால், அதனால் மேரியின் ஆராய்ச்சிக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஏன்? அவர் கண்டதைக் கண்டதாக எழுதினார். அதிலிருந்து உறுதியாகப் பெற்றதைத் தனியே எழுதினார். கருதியதை, இப்படியும் இருக்கலாம் என்ற அளவிலேயே நிறுத்தினார். கருத்து வீழ்ந்தபோது எண்கள் அதனோடு சேர்ந்து வீழவில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழைத்து எழுதியிருந்தால் எது நிற்கும், எது விழும் என்று யாருக்குத் தெரியும்?

நான்கு ஆண்டு உழைப்பு

மனைவியின் எண்கள் சொன்ன செய்தியின் பெருமையை உணர்ந்த பியேர், தம் படிக ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். தாதுவைக் கரைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் தகட்டில் வைத்து அளந்தார்கள். எங்கே எண் ஏறுகிறதோ அந்தப் பகுதியைத் தொடர்ந்தார்கள். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்து, அடிமைப்பட்டிருந்த தம் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டார் மேரி. கதிரியக்கம் என்பதற்கான சொல்லும் அந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாக வந்தது. டிசம்பர் 26ஆம் நாள் ரேடியம் அறிவிக்கப்பட்டது.

ஆனால், வேதியியலார் எளிதில் ஒப்பவில்லை. கண்ணால் காண வேண்டும், அணு எடை சொல்ல வேண்டும் என்றனர். நியாயமான கேள்விதான். தாதுவில் நூற்றில் ஒரு பங்காவது புதிய தனிமம் இருக்கும் என்று கியூரி தம்பதியர் மதிப்பிட்டிருந்தனர். உண்மையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! போகிமியாவின் ஜோவாகிம்ஸ்டால் சுரங்கத்திலிருந்து பல டன் கழிவுத் தாது வந்து இறங்கியது. கூரை ஒழுகும் பழைய கொட்டகையில் மேரி அதைக் கரைத்தார், வடித்தார், ஆயிரக்கணக்கான முறை படிகமாக்கினார்.

ரேடியம் பேரியத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். பேரியத்தின் அணு எடை 137. தொடக்கத்தில் மேரி அளந்த அணு எடை அதைவிடச் சிறிதே கூடுதலாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால், ரேடியம் என்று ஒன்றும் தனியாக இல்லை என்றுகூட ஒருவர் முடிவு கட்டியிருக்கலாம். ஆனால், பொருள் தூய்மையாக ஆக எண் ஏறிக்கொண்டே போவதை மேரி கவனித்தார். ஏறும் எண் நின்ற பாடில்லை என்றால் பொருள் இன்னும் தூய்மையாகவில்லை என்பது அதன் பொருள். 1902ஆம் ஆண்டு, பத்தில் ஒரு கிராம் அளவு ரேடிய உப்பு கையில் சேர்ந்தபோது, அணு எடை 225 என்று அறிவித்தார். இன்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது 226. எவ்வளவு அருகில் வந்துவிட்டார்!

1903 ஜூன் 25ஆம் நாள் ஆய்வேட்டை மூவர் குழுவின் முன் எடுத்துரைத்து டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே இயற்பியலுக்கான நோபல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதியருக்கும் கிடைத்தது. முதலில் சென்ற பரிந்துரையில் மேரியின் பெயரே இல்லை. ஸ்வீடன் நாட்டு அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் இதைப் பியேருக்குத் தெரிவித்தார். மேரியின் பங்கை விட்டுவிடலாகாது என்று பியேர் எழுதினார். மேரியின் பெயரில் அச்சான கட்டுரையும், அவர் கைப்பட எழுதிய குறிப்பேடும் அதற்குச் சான்றாக நின்றன.

துயரும் தொண்டும்

1906 ஏப்ரல் 19ஆம் நாள் மழையில் தெருவைக் கடந்த பியேர், குதிரை வண்டியில் சிக்கி உயிரிழந்தார். இரு சிறு பெண்களுடன் தனித்து நின்ற மேரி, அவ்வாண்டு நவம்பரில் கணவரின் இடத்தில் சார்போன் மேடையேறி, அவர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். அங்கே கற்பித்த முதல் பெண்மணி அவரே.

அதே ஆண்டில் முதுபெரும் அறிஞர் கெல்வின் பிரபு, ரேடியம் தனிமமே அன்று, வேறு பொருள்களின் கூட்டு என்று பத்திரிகையில் ஐயம் எழுப்பினார். மேரி வாக்குவாதத்தில் இறங்கவில்லை. மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். 1907இல் அணு எடையை மறுபடியும் துல்லியமாக அளந்தார். 1910இல் டெபியர்ன் என்பவருடன் சேர்ந்து ரேடியத்தை உலோகமாகவே பிரித்துக் காட்டினார். 1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. அவ்வாண்டே வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகுக்கு அப்படியே அளித்தார். முதல் உலகப் போரில் எக்ஸ் கதிர்க் கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குச் சென்று, காயமுற்ற வீரர்களின் உடலில் குண்டு எங்கே இருக்கிறதென்று காட்டினார். பதினேழு வயது ஐரீனும் தாயோடு தொண்டாற்றினாள். 1934 ஜூலை 4ஆம் நாள், இரத்தம் குன்றும் நோயால் அம்மையார் காலமானார். ஆண்டாண்டாகக் கையாண்ட கதிர்களே அந்நோய்க்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே ஐரீனும் அவர் கணவரும் நோபல் பரிசு பெற்றனர். 1995இல் அம்மையாரின் உடல் பாரிசில் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியனில் வைக்கப்பட்டது.

மாணவிகளுக்கு ஒரு சொல்

அறிவியல் கண்காட்சிக்காக நாமும் ஆய்வு செய்கிறோம். பயறு முளைப்பதை அளக்கிறோம்; மழையளவைக் குறிக்கிறோம்; கிணற்று நீரைச் சோதிக்கிறோம். பட்டியல் போட்டதும், பத்து எண்ணில் ஒன்பது ஒத்துப்போய் ஒன்று முரண்டு பிடிக்கும். அதை அழித்துவிட்டு அழகாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்ற ஆசை எழும். அந்த நேரத்தில் மேரி அம்மையாரை நினையுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். தவறு என்றால் எப்படித் தவறு என்று எழுதுங்கள். தவறில்லை என்றால், அதை விளக்க ஒரு புதிய சோதனையைச் சிந்தியுங்கள். கண்டது எது, அதிலிருந்து பெற்றது எது, கருதியது எது என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வாத எண்ணை அழிப்பது பொய் சொல்வதற்குச் சமம். அதோடு, அது நமக்குக் கற்பிக்க வந்த பாடத்தையும் நாம் இழந்துவிடுகிறோம்.

மேரி அம்மையாரின் குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்தத் தாள்களில் படிந்த ரேடியம் இன்றும் கதிர் வீசுகிறது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். குளிர்ந்த அறையில் ஒரு மாணவி உண்மையாக எழுதிவைத்த எண்கள், அந்தத் தாளைவிடவும் நீண்ட நாள் ஒளி தரும்.